பகலில் தூங்குகிறவர்கள்

காலை ஆறு மணி இருக்கும். காசிமேட்டுக்குப் போகிற சாலையில், பூட்டியிருந்த ஒரு இரும்புக் கடையின் முன்னால் நின்று, எழுதி முடித்த படிவங்களை அட்டையில் செருகிக்கொண்டிருந்தேன். விடியும் முன்பே தொடங்கிய வேலை. நடைபாதையில் படுத்திருந்தவர்கள் எழுந்து, பாயைச் சுருட்டி, பாலித்தீன் பைக்குள் திணித்து, மரக்கிளையிலோ விளம்பரப் பலகையின் பின்னாலோ செருகிவிட்டு ஒவ்வொருவராக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரைமணி நேரம் போனால் அந்தத் தெருவில் ஆட்கள் படுத்திருந்தார்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, எண்ணி முடித்தாயிற்றா என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன். அதில் பொம்பளை எத்தனை பேர் என்று கேட்டார்.

படிவங்களைப் புரட்டினேன். தெரு முழுவதற்கும் நான்கு பெண்கள்தான் இருந்தார்கள். அதைச் சொன்னேன்.

அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "பொம்பளைங்க ராத்திரியில படுக்க மாட்டாங்க பாப்பா. சொவத்துல சாஞ்சு உக்காந்துதான் இருப்பாங்க. எங்கயாச்சும் வெளிச்சம் இருக்குற எடமாப் பாத்துப் போயிருவாங்க. நீ மத்தியானமா வா. காட்டுறேன்."

அவர் பெயர் அஞ்சலை. இந்த வாரம் அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அது என்ன வேலை?

சென்னையில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "விடுதி இருக்கட்டும், அங்கே என்ன வேலை பார்த்தீர்கள், அதைச் சொல்லவே இல்லையே" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

தெருவில் வாழ்கிறவர்களை எண்ணுவதுதான் என் முதல் வேலை. சமூகப் பணி படித்துவிட்டு, ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். நகரத்தில் வீடில்லாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை காப்பகங்கள் வேண்டும் என்று ஒரு கணக்கு தேவைப்பட்டது. அதற்காகப் பல குழுக்களைப் பல பகுதிகளுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது வடசென்னையில் சில தெருக்கள். எங்கள் குழுவுக்குப் பொறுப்பாளர் பாஸ்கர் சார். நிதானமான மனிதர். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாளே திணறிவிட்டேன். ஏ.டி.எம். வாசலில் படுத்திருக்கும் காவலாளி வீடில்லாதவரா? பாதி கட்டிய கட்டடத்துக்குள் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் குடும்பமாகச் சமைத்துக்கொண்டிருக்கிறவர்கள்? தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலேயே உறங்கி எழுகிறவர்?

பாலத்துக்குக் கீழே நீலத் தார்ப்பாய் கட்டி மூன்று தலைமுறையாக இருந்த ஒரு குடும்பத்துக்கு என் கேள்வியே கோபத்தைக் கிளப்பிவிட்டது. வீடில்லாதவர்கள் என்று எழுதக் கூடாது, இதுதான் எங்கள் வீடு என்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். நானும் கழற்றிவிட்டுத்தான் போனேன். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் தனக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஓட்டு வீடே இருக்கிறது, போகத்தான் முடியவில்லை என்றார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

சனிக்கிழமை ஊர்

தெருவில் ஆட்கள் படுத்திருப்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் கிராமம் திருநள்ளாற்றுக்கு மேற்கே, சைக்கிளில் போய்விடும் தூரம். அப்பாவுக்கு நெல் சாகுபடி. சனிக்கிழமைகளில் கோயில் கூட்டம் எங்கள் வாய்க்கால் பாலம் வரை வரும். சனிப்பெயர்ச்சி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். லாட்ஜுகள் நிரம்பி, கடைவாசல்கள் நிரம்பி, எங்கள் களத்தில்கூட வந்து துண்டை விரித்துப் படுப்பார்கள். அவர்கள் குளிக்கட்டும் என்று அப்பா பம்புசெட்டைக் கூடுதல் நேரம் ஓடவிடுவார்.

நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அந்தக் கூட்டத்தைப் பார்ப்பது பண்டிகை மாதிரி இருக்கும். யார் யாரோ, எந்தெந்த ஊரோ, வரிசையாகத் தெருவில் தூங்குவார்கள். தலைமாட்டில் எண்ணெய்ப் புட்டியும் எள் பொட்டலமும் இருக்கும். மறுநாள் குளித்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். தெருவில் தூங்குவது என்றால் ஒரு இரவு விஷயம் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

அதனால்தான் சென்னைக்குப் போன முதல் வாரம், அதிகாலை பஸ்ஸின் ஜன்னல் வழியாக நடைபாதை நெடுகப் படுத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன விசேஷம் என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிய இரண்டு மூன்று வாரம் ஆயிற்று.

மத்தியானக் கணக்கு

அஞ்சலையம்மா சொன்னபடி மறுநாள் பதினொன்றரை மணிக்கு மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வாங்குகிறவர்களுக்கு வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது அவர் வேலை. தரையில் சாக்கு விரித்து, அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செதில் தெறித்து முன்கையெல்லாம் மினுமினுக்கும். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு.

அன்று கூட்டம் குறைந்ததும் கை கழுவிவிட்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணின் தோளைத் தொட்டார். அந்த அம்மா உடனே எழுந்து அஞ்சலையம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். இரண்டு கண்ணிலும் புரை. ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. தெருவில் எல்லாரும் அவரை பேபி என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் அதைத் தவிர வேறு பெயர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்று பேருமாக நடந்தோம். அரசு ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடிக்குப் போனோம். நோயாளிகளுடன் வந்தவர்கள் என்று நான் நினைத்துக் கடந்துபோயிருக்கக்கூடியவர்களை அஞ்சலையம்மா கண்ணாலேயே காட்டினார். பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, செருப்பைத் தலைக்கு வைத்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு ரயில் நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சுகளைக் காட்டினார். மாதா கோயில் தாழ்வாரத்துக்குப் போனோம். பஸ் நிலையத்தில் தூணோரம் பார்த்தோம். எங்கும் பெண்கள் உட்கார்ந்தபடியும் சரிந்தபடியும் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரியேதான் இருந்தார்கள். அப்படித் தெரியவேண்டும் என்றுதான் அங்கே வந்து தூங்குகிறார்கள். நாலு பேர் நடமாடுகிற இடத்தில், வெளிச்சத்தில், யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

கொண்டுபோன படிவங்கள் தீர்ந்துவிட்டன. நோட்டில் எழுதினேன். அந்த நோட்டும் கடைசிப் பக்கம் வரை போயிற்று. அன்று ஒரு மத்தியானத்தில், நான் ஒருத்தி நடந்த இடங்களில் மட்டும் அத்தனை பேர். நகரம் முழுவதற்கும் எத்தனை பேரோ.

பாஸ்கர் சாரிடம் நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார். மறுவாரம் எல்லாக் குழுக்களையும் பகலில் ஒருமுறை, பெண்களுக்காக மட்டும், திரும்ப அனுப்பினார். கடைசியில் கணக்கை வைத்துப் பேசிய கூட்டத்தில், எண்ணிக்கை ரொம்ப அதிகமாக இருக்கிறதே, ஒரே ஆளை இரண்டு தடவை எழுதியிருப்பீர்களோ என்று ஒருவர் சந்தேகப்பட்டார். பாஸ்கர் சார் குரலை உயர்த்தவில்லை. "நாங்க பாத்தவங்களத்தான் எழுதியிருக்கோம் சார். பாக்காதவங்க இன்னும் இருக்காங்க" என்றார்.

செவப்புக் கார்டு

அஞ்சலையம்மா மற்ற எல்லாரையும் காட்டினாரே தவிர, தன்னைப் பற்றி எழுதவிடவில்லை. மூன்றாவது நாள் தானாகவே, சரி எழுதிக்கொள் என்றார். மீன் வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். சொந்த ஊர் எது என்றதற்கு, இதுதான் என்று தரையைக் காட்டினார். வற்புறுத்தக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம். அடுத்த கேள்விக்குப் போனேன்.

ரேஷன் கார்டு இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு. செவப்புக் கார்டு" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. ஏழைகளுக்குச் செவப்புக் கார்டு, மற்றவர்களுக்கு மஞ்சள் கார்டு என்பதெல்லாம் எங்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பேச்சு. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், அதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். எங்கேயோ ஞாபகமாக, கொம்யூன் ஆபீஸுக்குப் பக்கத்தில் என்றார்.

தமிழ்நாட்டில் யாரும் கொம்யூன் என்று சொல்ல மாட்டார்கள். பஞ்சாயத்தைக் குறிக்க, பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகும் எங்கள் ஊர் ஆபீஸ்களில் தங்கிவிட்ட வார்த்தை அது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இன்னொருவர் வாயால் அதைக் கேட்கிறேன்.

"நீங்க காரைக்காலாம்மா?" என்றேன்.

அவர் கையிலிருந்த சங்கரா மீனின் வாலை நறுக்கிப் போட்டுவிட்டு, நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"பொறவு ஏன் ஆயி கேக்குற" என்றார்.

அதுவரை பாப்பாவாக இருந்தேன். பெண் பிள்ளைகளை வாஞ்சையாக ஆயி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. விடுதிக்கு நடந்தே போனேன்.

அதற்குப் பிறகு வேலை இருக்கிறதோ இல்லையோ, வாரத்தில் இரண்டு நாளாவது மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். அவர் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மண்டபத்தூர்க்காரர். கடலோரத்துக் குடும்பம். புருஷன் ரத்தினவேல் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்கு வந்தபோது கூடவே வந்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. குப்பத்தில் ஒரு தகரக் கூரை அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

ஊரைவிட்டு வரும்போது சொந்தக்காரர்கள் கேலி செய்தார்களாம், பட்டணத்தில் போய் என்ன கிழிக்கப்போகிறாய் என்று. அந்த ரோஷத்தில் தங்கையிடம் போனில் பேசும்போது, மாடி வீட்டில் இருக்கிறோம், குழாய் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்று சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்னது அப்படியே வளர்ந்தது. பால்கனி வந்தது. துணி துவைக்கிற மெஷின் வந்தது.

ரத்தினவேல் நோயில் விழுந்து இறந்துபோனார். அதைத் தங்கையிடம் சொன்னால் எல்லாரும் கிளம்பி வருவார்கள். வந்தால் மாடி வீட்டைக் கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை. அவர் கடலுக்குப் போயிருக்கிறார் என்றே ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தார். வாடகை கொடுக்க முடியாமல் அறை போயிற்று. சாமான்கள் போயின. நடைபாதைக்கு வந்த பிறகு ஒருநாள் போனும் போயிற்று. அத்தோடு பொய் சொல்ல வேண்டிய அவசியமும் தீர்ந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

பேபியம்மா அப்போது அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சாலையைக் கடக்கத் தெரியாமல் நடுவில் நின்று தவித்தவரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்ததுதான் அவர்கள் பழக்கத்தின் தொடக்கம். ஒருவர் படுத்தால் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

"இத எழுதாத ஆயி" என்றார் அஞ்சலையம்மா. எழுதவில்லை.

நான் செய்த காரியம்

எழுதவில்லையே தவிர, வாயை அடக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். வீடு நிறைய ஆட்கள். மாட்டுப் பொங்கலன்று சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைக்கும்போது அஞ்சலையம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் அவருடைய ஜனங்கள் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரே நிச்சயம். இருபத்தாறு வயதில் எல்லாவற்றிலும் நிச்சயம் இருக்கும்.

மறுநாள் கோட்டுச்சேரி வரை பஸ்ஸில் போய், ஷேர் ஆட்டோ பிடித்து மண்டபத்தூரில் இறங்கினேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டதும் தங்கை மல்லிகாவின் வீட்டைக் காட்டினார்கள். மல்லிகாம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் அதே நிமிர்ந்த உடம்பு. சென்னையில் அவர் அக்காவைப் பார்த்தேன் என்றதும் கையை உதறிவிட்டு உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தார்.

அக்கா மாடி வீட்டில் இருப்பதைப் பற்றி அவரே சொல்ல ஆரம்பித்தார். வசதி வந்ததும் எங்களை மறந்துவிட்டது, போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டது, நாலு வருஷமாகிறது என்றார். குரலில் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

அந்த இடத்திலாவது நான் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. அக்கா எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நீ வேறு யாரையோ பார்த்திருக்கிறாய் என்றார். நான் கொம்யூன் ஆபீஸைச் சொன்னேன், ரத்தினவேலைச் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை நேராகப் பார்த்தார். "எங்க மச்சான் எங்க இருக்காரு?"

அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது. சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒரு சாவை, முன்பின் தெரியாத வீட்டில், டீ ஆறுவதற்குள் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, நான் சென்னைக்குத் திரும்பிய பஸ்ஸில் மல்லிகாம்மாவும் என் பக்கத்தில் இருந்தார்.

அருவாமனை

மார்க்கெட்டில் அஞ்சலையம்மா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த மீனை முடித்து, வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் மட்டும் சொன்னார்.

"நான் ஒங்கிட்டதான் சொன்னேன். ஊருக்குச் சொல்லல."

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

மல்லிகாம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா கிடந்த இன்னொரு அருவாமனையை இழுத்துக் காலடியில் வைத்து, கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்தார். கூட்டம் ஓயும் வரை இருவரும் தோளோடு தோள் உரச, வந்த மீனையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். சுவரோரம் இருந்த பேபியம்மாதான் முதலில் பேசினார். புதிதாக யாரோ வந்திருக்கிறார்களே, கை வேகமான கையாக இருக்கிறதே என்றார். அதைக் கேட்டு அஞ்சலையம்மா அழ ஆரம்பித்தார்.

மல்லிகாம்மா மூன்று நாள் தங்கினார். என் விடுதியில் படுத்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டேன். மறுத்துவிட்டார். அக்கா இருக்கிற இடத்திலேயே இருந்தார். அந்த மூன்று நாளில் என்ன பார்த்தார் என்று என்னிடம் சொன்னதில்லை. மூன்றாம் நாள் காலை அவர் கண் சிவந்து, உட்கார்ந்த நிலையிலேயே உறங்கிப்போயிருந்தார். விழித்ததும் அக்காவை ஊருக்கு வரச் சொல்லிக் கேட்டார்.

அஞ்சலையம்மா யோசிக்கவே இல்லை. "நான் வந்துட்டா பேபி ரோட்ட எப்புடித் தாண்டும்?"

மல்லிகாம்மாவின் வீட்டில் இரண்டே அறைகள். மகன், மருமகள், கைக்குழந்தை எல்லாரும் அதற்குள்தான். ஊரில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார். அத்தோடு முடிந்தது என்றே நான் நினைத்தேன். அஞ்சலையம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பாஸ்கர் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நம்மிடம் அவர்கள் சொல்வது கணக்குக்காகச் சொல்வது, அவர்களிடம் மிச்சமிருப்பதே யாருக்கு எதைச் சொல்வது என்கிற உரிமை ஒன்றுதான், அதையும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். இன்று வரை நான் யாரிடம் எதைக் கேட்டு எழுதினாலும் அந்தப் பேச்சு எனக்குள் ஓடும். பின்னால் எல்லாம் நல்லபடியாக நடந்தது உண்மைதான். அதனால் நான் செய்தது சரியென்று ஆகிவிடாது.

ரெண்டு பேருக்கு

மாசி மாதத்தில் ஒருநாள் மல்லிகாம்மா திரும்ப வந்தார். இந்த முறை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "வீடு பாத்துட்டேன்க்கா. ரெண்டு பேருக்கு" என்றார்.

கருவாட்டுக் களத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. ஊரில் யாரோ கட்டிப் பாதியில் விட்டது. கதவு போட்டு, சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். களத்திலேயே இருவருக்கும் வேலையும் பேசியாயிற்று.

அஞ்சலையம்மா பேபியம்மாவின் பக்கம் திரும்பி, போகலாமா என்று கேட்டார். பேபியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அங்க கக்கூஸ் இருக்கா?"

இருக்கிறது, தாழ்ப்பாளோடு இருக்கிறது என்றார் மல்லிகாம்மாவின் புருஷன். அவர் ரொம்பக் கௌரவமாக, ஏதோ சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி அதைச் சொன்னார். கட்டணக் கழிப்பிடம் திறக்கும்வரை இருட்டில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் அந்தக் கேள்வியில் இருந்தன. அப்படியானால் சரி என்று பேபியம்மா தன் பையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

பஸ் ஏறும்போது அஞ்சலையம்மா என் கன்னத்தைத் தொட்டார். என்னோடு அவர் பேசி ஐந்தாறு வாரம் ஆகியிருந்தது. ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வா ஆயி என்றார். வீடு என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானித்துத்தான் சொன்னார்.

மறுநாள் வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போனேன். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். நோட்டைத் திறந்தேன்.

இப்போது

நான் காரைக்காலுக்கே வேலையோடு திரும்பி வந்து சில வருஷங்கள் ஆகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஸ்கூட்டரில் மண்டபத்தூர் போய்விட்டு வருவேன்.

முதல் சில மாதங்கள் அவர்களுக்கு அறைக்குள் இருப்புக் கொள்ளவில்லையாம். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்று வாசல் மணலில் வந்து படுத்துக்கொள்வார்கள். அங்கேயும் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து காவல் இருந்திருக்கிறார்கள். எப்போது அது நின்றது என்பது யாருக்கும் நினைவில்லை. ஊர்க்காரர்கள் மாடி வீட்டைப் பற்றி இரண்டு மாதம் கேலி பேசினார்கள். அஞ்சலையம்மாவே அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்ததும் அவர்களுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. இப்போது எழுதிக்கொள் ஆயி என்று அவரே சொன்ன பிறகுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

பேபியம்மாவுக்குக் காரைக்காலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்று நானும் இருந்தேன். அஞ்சலையம்மாவின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். நெடுநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு கறுப்பென்று நினைக்கவில்லை என்றார். அதற்காக அஞ்சலையம்மா ஒருநாள் முழுவதும் அவரோடு பேசவில்லை.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்த மழையில் எனக்கு அவர்கள் நினைப்பாகவே இருந்தது. பழைய கட்டடம், சுவர் என்ன ஆயிற்றோ என்று பயம். நாலாம் நாள் தூறல் விட்டதும் கிளம்பிப் போனேன். போகிற வழியில் தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது.

களத்தைச் சுற்றிக்கொண்டு வரும்போதே சத்தம் கேட்டது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு அஞ்சலையம்மா வாசலில் நின்றிருந்தார். எதிரே பக்கத்து வீட்டு அம்மா, கையில் மண்வெட்டியோடு. அந்த வீட்டுக் கூரைத் தண்ணீர் இந்த வீட்டு வாசலில் விழுகிறது, வாய்க்காலை அந்தப் பக்கம் வெட்டிவிடு என்பது அஞ்சலையம்மாவின் கட்சி. வெட்டினால் என் கோழிக்கூண்டு என்ன ஆவது என்பது அந்த அம்மாவின் கட்சி. இருவரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி தெரியவில்லை.

நான் நனைந்தபடி நிற்பதை அஞ்சலையம்மா பார்த்தார். "உள்ள போயி உக்காரு ஆயி. இத முடிச்சுட்டு வாரேன்" என்றார்.

உள்ளே போனேன். ஓரமாக ஒரு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே குண்டான் வைத்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்துதான் இருந்தது. அடுப்பில் கெழங்கா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பேபியம்மா கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னார். இது காலையிலிருந்து நடக்கிறது என்று வாசலைக் காட்டிச் சலித்துக்கொண்டார்.

வெளியே அஞ்சலையம்மாவின் குரல் இன்னும் ஏறியது. "என் வீட்டு வாசல்ல தண்ணி நின்னா நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். சண்டை முடிய அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.